ஆங்கில இலக்கணத்தில் பெயர்ச்சொல் வகைப்பாட்டின் வரலாறு: ஐவகைப் பட்டியலும் தமிழ்க் கலைச்சொற்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கிலப் பெயர்ச்சொற்கள் ஐந்து வகைப்படும் என்பது நம் பள்ளிகளில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்டு வரும் பாடமாகும். இவ்வைந்தும் ஒரே அளவுகோலால் பகுக்கப்பட்டவை அல்ல. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு வினாக்களுக்கு விடையாகத் தோன்றியவை பிற்காலத்தில் ஒரே பட்டியலில் அடுக்கப்பட்டன. கிரேக்க இலக்கணம் முதல் இருபதாம் நூற்றாண்டு மொழியியல் வரை இப்பட்டியல் உருவான வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. அவ்வரலாற்றின் வெளிச்சத்தில், தமிழ்வழி மாணவர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளையும், தமிழ் இலக்கணக் கலைச்சொற்களை ஆங்கில வகைகளுக்குப் பெயராக வழங்குவதால் நேரும் பொருள் மயக்கத்தையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பெயர்ச்சொல், வகைப்பாடு, ஆங்கில இலக்கண வரலாறு, எண்ணக்கூடிய பெயர், நன்னூல், கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

புராப்பர் நவுன், காமன் நவுன், கலெக்டிவ் நவுன், மெட்டீரியல் நவுன், ஆப்ஸ்ட்ராக்ட் நவுன் என்னும் ஐந்தனையும் எடுத்துக்காட்டுகளோடு பிழையின்றி ஒப்பிக்கும் மாணவர், அடுத்த பக்கத்தில் 'இன்ஃபர்மேஷன்ஸ்', 'ஃபர்னிச்சர்ஸ்' என்று பன்மையாக்கி எழுதுகின்றார். ஆசிரியர் அதனைச் சிவப்பு மையால் திருத்துகின்றார். ஆனால், மாணவர் மனப்பாடம் செய்த பட்டியலில் அத்திருத்தத்திற்குக் காரணம் கூறும் இடமே இல்லை. 'ஃபர்னிச்சர்' தொகுதியைக் குறிப்பதா, பொருளைக் குறிப்பதா, பொதுப்பெயரா என்று கேட்டால் வகுப்பில் மூன்று விடைகள் வரும். மூன்றனுள் எதுவும் அச்சொல் ஏன் பன்மை விகுதி ஏலாது என்பதை விளக்காது.

இக்குறை மாணவருடையதா, பட்டியலினுடையதா என்னும் வினாவே இக்கட்டுரைக்குக் களம். விடை காண்பதற்கு அப்பட்டியல் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் வேண்டும்.

இக்கட்டுரையில் மேற்கண்ட ஐந்தும் முறையே தனிப்பெயர், பொதுப்பெயர், தொகுதிப்பெயர், மூலப்பொருட்பெயர், கருத்துப்பெயர் எனக் குறிக்கப்படுகின்றன. பாடநூல்களில் பழகிய சிறப்புப்பெயர், பொருட்பெயர், பண்புப்பெயர் ஆகியவற்றைத் தவிர்த்தமைக்கான காரணம் கட்டுரையின் பிற்பகுதியில் விளக்கப்படும்.

கிரேக்க, இலத்தீன் மரபு: ஒன்றன் பெயரா, பலவற்றின் பெயரா?

தனிப்பெயர், பொதுப்பெயர் என்னும் பாகுபாடே இவற்றுள் மிகப் பழமையானது. ஸ்டோயிக் மெய்யியலார் இவ்விரண்டையும் ஒரே சொல்வகையின் உட்பிரிவுகளாகக் கொள்ளவில்லை. இரு வேறு சொல்வகைகளாகவே கொண்டனர். சாக்ரடீஸ் என்னும் பெயர் ஒருவனுக்கே உரியது. மனிதன் என்னும் பெயர் பலருக்கும் பொதுவான தன்மையைக் குறிப்பது. குறிக்கும் முறை வேறாதலின் சொல்வகையும் வேறு என்பது அவர்தம் கருத்து.

டயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கண நூல் இவ்விரண்டையும் மீண்டும் பெயர்ச்சொல் என்னும் ஒரே வகைக்குள் சேர்த்தது. வேற்றுமை ஏற்பதும், உடலுடைய பொருளையோ உடலற்ற பொருளையோ குறிப்பதும், பொதுவாகவோ தனியாகவோ வழங்குவதும் பெயர் என அந்நூல் வரையறுத்தது. கல் முன்னதற்கும், கல்வி பின்னதற்கும் எடுத்துக்காட்டுகள். பிற்காலக் கருத்துப்பெயரின் வித்து இங்கேயே காணப்படுகிறது. மேலும், பெயரின் உட்பிரிவுகளாக இருபதுக்கும் மேற்பட்டவற்றை அந்நூல் அடுக்குகிறது. ஒருமை வடிவில் நின்று பலரை உணர்த்தும் மக்கள்திரள் போன்ற சொற்கள் அவற்றுள் ஒன்று. தொகுதிப்பெயருக்கும் வித்து அங்கேயே உண்டு.

கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்த டொனாட்டஸும், கி.பி. 500ஐ ஒட்டிக் கான்ஸ்டாண்டினோப்பிளில் கற்பித்த பிரிசியனும் இம்மரபினை இலத்தீனுக்கு உரியதாக்கினர். இங்கிலாந்தில் ஏறத்தாழ கி.பி. 1000ஐ ஒட்டி ஆல்ஃப்ரிக் என்னும் துறவி, இலத்தீன் இலக்கணத்தைப் பழைய ஆங்கிலத்தில் எழுதினார். பெயர்ச்சொல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லுக்கு 'நாமா' என்னும் தம் நாட்டுச் சொல்லை அவர் வழங்கினார். ஓர் இலக்கணத்தின் கலைச்சொல்லை மற்றொரு மொழியில் ஆக்கிக்கொள்ளும் சிக்கல், ஆங்கிலத்துக்கும் ஒரு காலத்தில் இருந்தது என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது.

ஆங்கில இலக்கணத்தின் தொடக்கம்: தனித்து நிற்பதா, சார்ந்து நிற்பதா?

வில்லியம் லில்லியின் பெயரால் வழங்கிய இலத்தீன் இலக்கணம், 1540களில் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குரிய பாடநூலாயிற்று. அதில் பெயர் இருவகைப்படும். பிறிதொரு சொல்லின் துணையின்றித் தனித்து நின்று பொருள் தருவது ஒன்று. மற்றொரு சொல்லைச் சார்ந்தே நிற்பது மற்றொன்று. பின்னதே இன்று நாம் பெயரடை என வழங்குவது. அச்சில் வந்த முதல் ஆங்கில இலக்கணமான வில்லியம் புல்லோக்கரின் 1586ஆம் ஆண்டு நூல் லில்லியின் அடியொற்றியே அமைந்தது.

ஆங்கிலம் இலத்தீன் அன்று என்பதை வலியுறுத்தியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் ஜான் வாலிஸ். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1653இல் வெளியிட்ட ஆங்கில இலக்கணத்தில், இலத்தீனின் வேற்றுமைகளையும் பால்பாகுபாட்டையும் ஆங்கிலப் பெயர்கள் மீது ஏற்றிக் கூறுவதை மறுத்தார். ஆயினும், அந்நூலை அவர் எழுதியது இலத்தீன் மொழியில்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டில் பெயரடை பெயரிலிருந்து பிரிந்து தனிச் சொல்வகையாக நிலைபெற்றது. 1762இல் வெளிவந்த ராபர்ட் லோத்தின் இலக்கணம் கூறும் ஒன்பது சொல்வகைகளுள் பெயரும் பெயரடையும் தனித்தனியே இடம்பெறுகின்றன. இப்பிரிவு ஒரு புதிய வினாவை எழுப்பியது. 'வெள்ளை' பெயரடையாயின், அதிலிருந்து பிறக்கும் 'வெண்மை' எவ்வகை? பொருளைச் சாராமல் பண்பை மட்டும் பிரித்தெடுத்துப் பெயராக்கிய சொற்களைப் பற்றி 1660ஆம் ஆண்டின் போர்ட் ராயல் இலக்கணம் முன்னரே சிந்தித்திருந்தது. 1751இல் 'ஹெர்மிஸ்' என்னும் நூலை வெளியிட்ட ஜேம்ஸ் ஹாரிஸ், பெயர் குறிக்கும் பொருள்களை இயற்கையானவை, செயற்கையானவை, கருத்தால் பிரிக்கப்பட்டவை என மூன்றாக்கினார். கருத்துப்பெயர் என்னும் வகைக்கு இவ்வாறு மெய்யியல் அடித்தளம் அமைந்தது.

முர்ரே: ஒருமை வினையா, பன்மை வினையா?

அமெரிக்காவில் பிறந்து யார்க் நகருக்கு அருகில் குடியேறிய வழக்கறிஞர் லிண்ட்லி முர்ரே, அந்நகரின் பெண்கள் பள்ளி ஒன்றிற்காக எழுதிய இலக்கணம் 1795இல் வெளிவந்தது. அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் எண்ணற்ற பதிப்புகள் கண்ட அந்நூலில் பெயர்கள் தனிப்பெயர், பொதுப்பெயர் என்னும் இரண்டாகவே பகுக்கப்பட்டன. திரளைக் குறிக்கும் பெயர்களை அவர் தொடரியலில் வைத்துப் பேசினார். திரளை ஒன்றாகக் கருதினால் ஒருமை வினையும், பலராகக் கருதினால் பன்மை வினையும் பெறும் என்பது அவர் தந்த விதி. ஆக, முர்ரேயிடம் தொகுதிப்பெயர் என்பது பெயரும் வினையும் இயையும் முறை பற்றிய செய்தியே. இன்றும் 'டீம்', 'கமிட்டி' போன்ற சொற்கள் பிரித்தானிய வழக்கில் பன்மை வினை ஏற்பதும், அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஒருமை வினை ஏற்பதும் இவ்விதியின் பயன்பாட்டைக் காட்டும்.

நம் பள்ளிகளில் தொகுதிப்பெயர் என்றவுடன் நினைவுக்கு வருவன சிங்கக்கூட்டத்திற்கு ஒரு சொல், பறவைக்கூட்டத்திற்கு ஒரு சொல் என நீளும் பட்டியல்களே. இவற்றின் பிறப்பிடம் இலக்கணம் அன்று. 1486இல் அச்சான 'புனித ஆல்பன்ஸ் நூல்' இத்தகைய சொற்களைத் தொகுத்துத் தந்தது. வேட்டைக்குச் செல்லும் உயர்குடியினர் அறிந்திருக்க வேண்டிய சொல்நாகரிகமே அது. அந்நாகரிகப் பட்டியல் இலக்கணப் பாடத்தில் ஏறி அமர்ந்தபோது, வினை இயைபு பற்றிய விதி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

இன்னொரு மாற்றமும் இக்காலத்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கில அச்சகத்தார் பொதுப்பெயர்களையும் பெரிய எழுத்தில் தொடங்கி அச்சிடுவது பெருவழக்காக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வழக்கு ஒடுங்கி, பெரிய எழுத்து பெரிதும் தனிப்பெயருக்கே உரியதாயிற்று. பெரிய எழுத்தில் தொடங்குவது தனிப்பெயர் என்னும் இன்றைய வகுப்பறை அடையாளம், அச்சு வழக்கு மாறியதன் விளைவாகும். பெயரின் இயல்பிலிருந்து பிறந்ததன்று.

அளவையியலும் இந்தியப் பள்ளிகளும்

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட அளவையியல் நூல், பெயர்களைப் பல கோணங்களில் பகுத்தது. ஒன்றன் பெயர், பலவற்றின் பெயர் என்பது ஒரு பகுப்பு. பொருளின் பெயர், பண்பின் பெயர் என்பது மற்றொன்று. பொதுப்பெயரும் தொகுதிப்பெயரும் ஒன்றல்ல என்பதையும் அவர் தெளிவுபடுத்தினார். படைவீரன் என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும்; படைப்பிரிவு என்பது அனைவரையும் சேர்த்த நிலையில் மட்டுமே பொருந்தும். மில்லின் பகுப்புகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் செல்பவை. ஒரே சொல் ஒரு பகுப்பில் ஓரிடமும் மற்றொரு பகுப்பில் வேறிடமும் பெறும் என்பதை அவர் அறிந்தே செய்தார்.

பள்ளி இலக்கணம் அக்குறுக்குவெட்டைக் கைவிட்டு, அனைத்தையும் ஒரே வரிசையில் நிறுத்தியது. இந்தியாவில் இதற்குப் பெருங்காரணமாக அமைந்தவை, இங்குக் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே.சி. நெஸ்ஃபீல்டு 1890களில் எழுதிய இலக்கண நூல்கள். தனிப்பெயர், பொதுப்பெயர், தொகுதிப்பெயர், மூலப்பொருட்பெயர், கருத்துப்பெயர் என்னும் ஐவகைப் பட்டியலை அவை இந்திய மாணவரிடையே பரப்பின. 1930களில் வெளிவந்த ரென், மார்ட்டின் ஆகியோரின் இலக்கணம் மூலப்பொருட்பெயரை விடுத்து நான்கைக் கொண்டது. தொகுதிப்பெயரும் கருத்துப்பெயரும் பொதுப்பெயரில் அடங்குவன என அந்நூல் ஒரு குறிப்பும் தருகிறது. ஒன்றில் ஒன்று அடங்குமாயின் அவை இணையான வகைகள் ஆகா. பட்டியலின் தளர்ச்சியைப் பாடநூலே ஒப்புக்கொண்ட இடம் இது.

இருபதாம் நூற்றாண்டு: எண்ணலாமா, எண்ணலாகாதா?

மூலப்பொருட்பெயர் என்னும் வகையைக் கூர்ந்து நோக்கி, அதன் கீழ் மறைந்திருந்த உண்மையான இலக்கணக் கூற்றை வெளிக்கொணர்ந்தவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஆட்டோ யெஸ்பர்சன். நீர், வெள்ளி போன்றவை மட்டுமன்றி, இசை, ஓய்வு, வெற்றி போன்ற உருவற்றவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் எண்ணிக்கையை ஏலாமல் நிற்கக் கூடியவை என்பதை அவர் கண்டார். 1924இல் வெளிவந்த 'இலக்கணத்தின் மெய்யியல்' என்னும் நூலில், எண்ணக்கூடியவை, திரட்சியாக நிற்பவை என்னும் பாகுபாடு பொருளின் உருவத்தைச் சார்ந்ததன்று என விளக்கினார். மூலப்பொருட்பெயரும் கருத்துப்பெயரும் பள்ளிப்பட்டியலில் இரு துருவங்கள். யெஸ்பர்சன் காட்டிய வழியில் அவை பல இடங்களில் ஒரே இலக்கண நடத்தை உடையவை.

1933இல் லியோனார்டு புளூம்ஃபீல்டு இதனை வடிவ அடிப்படையில் உறுதிசெய்தார். ஒருமையில் 'எ', 'தி' போன்ற முன்னடையின்றி வர இயலாத பெயர்கள் ஒரு வகை. அவ்வாறு வர இயல்வன மற்றொரு வகை. உலகத்துப் பொருளைப் பார்த்து இவ்வகையை ஊகித்தல் இயலாது என்பதற்குக் கோதுமையைக் குறிக்கும் 'வீட்' ஒருமையாகவும், மற்றொரு தானியமான 'ஓட்ஸ்' பன்மையாகவும் நிற்பதே சான்று.

சொற்கள் வகை மாறுவதையும் வரலாறு காட்டுகிறது. பட்டாணியைக் குறித்த 'பீஸ்' என்னும் பழைய ஆங்கிலச் சொல் திரட்சியாக வழங்கிய ஒருமைச் சொல்லாகும். அதன் இறுதி ஒலி பன்மை விகுதிபோல் ஒலித்தமையால், பதினேழாம் நூற்றாண்டளவில் மக்கள் அதனைப் பன்மையெனக் கொண்டு, 'பீ' என்னும் புதிய ஒருமையைப் படைத்துக்கொண்டனர். பட்டாணி மாறவில்லை, அதன் பெயரின் இலக்கணமே மாறிற்று.

இப்பாகுபாட்டை மாணவர் கையில் சேர்த்தது, ஆங்கிலம் தாய்மொழியல்லாத நாடொன்றில் பிறந்த அகராதி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, ஹெரால்டு பால்மர் தொடங்கிய ஆய்வுப் பணியின் தொடர்ச்சியாகத் தம் துணைவர் இருவரோடு தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. பெயர்கள் எண்ணக்கூடியவையா, எண்ணலாகாதவையா என்பதை அது குறியிட்டுக் காட்டியது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் அதனை மறுபதிப்புச் செய்தபின் அக்குறியீடு உலகெங்கும் பரவியது. தாய்மொழியாளருக்கு இக்குறி தேவைப்படவில்லை. அவர்களது காதே வழிகாட்டியது. பெயர்ச்சொல்லுக்குக் கட்டாயமாகப் பன்மை விகுதி சேர்க்காத ஜப்பானிய மொழியைப் பேசும் மாணவருக்கே அது தேவைப்பட்டது. கற்பவரின் இடரே ஆங்கில இலக்கணத்தின் ஒரு பகுதியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது எனலாம்.

1985இல் குவெர்க்கும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட பேரிலக்கணம் மில்லின் குறுக்குவெட்டை மீட்டெடுத்தது. எண்ணக்கூடியவற்றுள்ளும் பருப்பொருள், கருத்துப்பொருள் இரண்டும் உண்டு. எண்ணலாகாதவற்றுள்ளும் இரண்டும் உண்டு. 2002இல் ஹட்டில்ஸ்டனும் புல்லமும் வெளியிட்ட கேம்பிரிட்ஜ் இலக்கணம், எண்ணப்படுதல் சொல்லின் பண்பு என்பதினும் சொல் வழங்கும் பொருளின் பண்பு என்றது. தலைமுடி முழுவதையும் குறிக்கையில் 'ஹேர்' எண்ணலாகாதது. உணவில் கிடந்த ஓர் இழையைக் குறிக்கையில் எண்ணக்கூடியது.

தமிழ்க் கலைச்சொற்களும் பொருள் மயக்கமும்

இவ்வரலாறு தமிழ்வழி மாணவருக்கு இரு வகையில் பயன்படும். முதலாவது, கலைச்சொல் பற்றியது. தனிப்பெயரைச் சிறப்புப்பெயர் என மொழிபெயர்ப்பது பரவலான வழக்கு. ஆனால், நன்னூல் மரபில் பொது, சிறப்பு என்பவை வேறு பொருளன. மரம் என்பது இடுகுறிப் பொதுப்பெயர்; மா, பலா என்பவை இடுகுறிச் சிறப்புப்பெயர்கள். பறவை காரணப் பொதுப்பெயர். மரங்கொத்தி காரணச் சிறப்புப்பெயர். ஆங்கில இலக்கணத்திலோ மாவும் மரங்கொத்தியும் பொதுப்பெயர்களே. தமிழ் வகுப்பில் 'மா சிறப்புப்பெயர்' என்று எழுதி மதிப்பெண் பெற்ற மாணவர், அடுத்த பாடவேளையில் அதனையே எழுதி மதிப்பெண் இழக்கின்றார்.

பொருட்பெயர், பண்புப்பெயர் என்பவற்றின் நிலையும் இதுவே. பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்னும் அறுவகையுள், பொருட்பெயர் மனிதனையும் மரத்தையும் அடக்கும். தங்கம், பால் போன்ற மூலப்பொருளை மட்டும் குறிப்பதன்று. ஆங்கிலக் கருத்துப்பெயரில் அடங்கும் அழகும் ஓட்டமும் தமிழில் முறையே குணப்பெயர், தொழிற்பெயர் எனப் பிரியும். மதுரையும் தெருவும் தமிழில் இடப்பெயர்கள். ஆங்கிலத்தில் ஒன்று தனிப்பெயர், மற்றொன்று பொதுப்பெயர். எண்ணக்கூடிய பெயரை எண்ணுப்பெயர் எனச் சுருக்குவதும் பொருந்தாது. அது ஒன்று, இரண்டு முதலியவற்றைக் குறிக்கும் சொல். இரு மரபுகளும் தத்தம் மொழிக்குச் சரியானவையே. பெயர் ஒன்றாகவும் பொருள் வேறாகவும் வழங்குவதே மயக்கத்திற்குக் காரணம்.

இரண்டாவது, பிழையின் தோற்றுவாய் பற்றியது. தமிழ்ப் பெயர்களை முதன்மையாகப் பகுக்கும் கோடு உயர்திணைக்கும் அஃறிணைக்கும் இடையே செல்கிறது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' என்னும் தொடர்களில் பெயர் மாறாது நிற்க, வினையே எண்ணை உணர்த்துகிறது; இத்தகையவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என இலக்கணம் வழங்கும். ஆங்கிலத்தின் கோடோ எண்ணக்கூடியதற்கும் எண்ணலாகாததற்கும் இடையே செல்கிறது. தமிழில் தகவல், அறிவுரை, செய்தி ஆகிய மூன்றும் 'கள்' விகுதி ஏற்கும். அவற்றிற்கு இணையான ஆங்கிலச் சொற்கள் பன்மை விகுதி ஏலா, 'எ' என்னும் முன்னடையும் ஏலா. ஆகவே, 'இன்ஃபர்மேஷன்ஸ்' என எழுதும் மாணவர் அறியாமையால் எழுதவில்லை. தம் மொழியின் விதியைப் பிறழாது பின்பற்றியே எழுதுகின்றார். ஐவகைப் பட்டியல் இவ்வேறுபாட்டை அவருக்குச் சொல்லவே இல்லை.

முடிவுரை

ஐவகைப் பட்டியல் நான்கு வினாக்களின் எச்சம் என்பது இவ்வாய்வினால் பெறப்படுகிறது. ஒன்றன் பெயரா, பலவற்றின் பெயரா என்பது கிரேக்கர் வினா. பொருளா, பொருளினின்று பிரித்த பண்பா என்பது மெய்யியலார் வினா. வினை ஒருமையா, பன்மையா என்பது தொடரியல் வினா. எண்ணலாமா, எண்ணலாகாதா என்பது அயல்மொழியாகக் கற்பவரின் வினா. இவற்றுள் இறுதி வினாவே தமிழ் மாணவரின் எழுத்தில் மிகுதியாகப் பிழை நேரும் இடம். மூலப்பொருட்பெயர் அவ்வினாவின் ஒரு பகுதியை மட்டும் தொட்டு நின்றுவிட்டது.

ஆகவே, 'இச்சொல் ஐந்தனுள் எது?' என்று கேட்பதை விடுத்து, ஒவ்வொரு சொல்லிடமும் நான்கு வினாக்களையும் தனித்தனியே கேட்கப் பயிற்றுதல் பயன்தரும். 'ஃபர்னிச்சர்' ஒன்றற்கே உரிய பெயரன்று, பருப்பொருளைக் குறிப்பது, ஒருமை வினை ஏற்பது, எண்ணலாகாதது. நான்கு விடைகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. வகுப்பில் முன்னர் எழுந்த மூன்று விடைகளின் பூசலும் ஓய்கிறது. அத்துடன், தமிழ் இலக்கணத்துக்கு ஏற்கெனவே உரிய கலைச்சொற்களை ஆங்கில வகைகளுக்கு வழங்காது, தனிப்பெயர், கருத்துப்பெயர் போன்ற வேறு சொற்களைப் பாடநூல்கள் மேற்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு செய்யின், ஓர் இலக்கணத்தைக் கற்பது மற்றோர் இலக்கணத்தை மறக்கச் செய்வதாகாமல், இரண்டையும் தெளிவாக உணரத் துணைபுரியும்.